கால்நடைத் தடுப்பூசிகளில் இயல்பெதிர்ப்பின் நினைவைப் பயன்படுத்துவது எப்படி: ஆய்வுத்தட்டிலிருந்து மந்தைவரை

தடுப்பூசி என்றால் எதிர்ப்பொருள், அதை உண்டாக்கும் பி செல், துணைநிற்கும் டி செல் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஒரு கிருமியை ஒருமுறை பார்த்து, அது மறுபடி வரும்போது அடையாளம் கண்டு அடிப்பது இவற்றின் வேலை. பிறவியிலேயே உள்ள இயல்பெதிர்ப்பைச் சேர்ந்த மோனோசைட், மேக்ரோபேஜ், நியூட்ரோஃபில், இயற்கைக் கொல்லி செல் போன்றவை முதலில் ஓடிவந்து சண்டை போடும், முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்தக் கடைசிப் பகுதி தவறு: இந்தச் செல்களும் ஒருவித நினைவை வைத்திருக்கின்றன.

2011இல் எதிர்ப்பாற்றல் ஆய்வாளர் மிகாய் நெட்டியாவும் அவருடைய குழுவினரும் இந்த நினைவுக்குப் 'பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே வலுவான சான்று ஒன்று வந்தது. டி செல்லும் பி செல்லும் இல்லாத சுண்டெலிகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைப் போட்டு, பிறகு கேண்டிடா பூஞ்சையைச் செலுத்தினார்கள். பிசிஜி போடாத எலிகளைவிட அவை அதிகமாகப் பிழைத்தன. காசநோய்த் தடுப்பூசிக்கும் பூஞ்சைக்கும் தொடர்பே கிடையாது. நினைவு வைக்கக்கூடிய டி செல்லும் பி செல்லும் அந்த எலிகளிடம் இல்லை. அப்படியானால் நினைவு இயல்பெதிர்ப்புச் செல்களில்தான் இருந்திருக்க வேண்டும்.

கால்நடைத் துறைக்கு இது இருமடங்கு முக்கியம். பண்ணை விலங்கை ஒரே நேரத்தில் பல கிருமிகள் தாக்கும். எல்லாவற்றுக்கும் தனித்தனி ஊசி கிடையாது. பிறந்த குட்டிக்குச் சீம்பால் வழியே வந்த தாயின் எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையையே மழுங்கடிக்கும். ஆனாலும் இதை வைத்து 'எல்லா நோய்க்கும் ஒரே ஊசி' என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். இது தடுப்பூசிக்கு மாற்றாக வராது. தடுப்பூசிக்கு அடியில் போடக்கூடிய ஒரு கூடுதல் அடுக்கு, அவ்வளவுதான். அந்த அடுக்கைச் சரியாகப் போடுவதும் தவறாகப் போடுவதும் பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது.

கால்நடை மருத்துவ மாணவர், தடுப்பூசி ஆய்வில் இறங்குபவர், மந்தையில் சோதனை நடத்தத் திட்டமிடுபவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: நினைவு எங்கே பதிகிறது

ஈஸ்ட் போன்றவற்றின் செல்சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலியான பீட்டா குளுக்கானையோ பிசிஜியையோ ஒரு மோனோசைட் சந்திக்கும்போது இரண்டு மாற்றங்கள் கைகோத்து நடக்கின்றன. ஒன்று வளர்சிதை மாற்றம். செல் ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை வேகமாக எரித்து லாக்டேட்டைக் கொட்டத் தொடங்கும். பீட்டா குளுக்கான் விஷயத்தில் எம்டோர், எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற செல்லுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் இதை இயக்குகின்றன என்பது 2014இல் தெரியவந்தது. இரண்டாவது குரோமாட்டின், அதாவது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிய டிஎன்ஏ. ஹிஸ்டோன் புரதங்களின் மேல், குறிப்பாக எச்3 ஹிஸ்டோனின் நான்காம் லைசினில், மூன்று மெதில் குறிகள் ஏறுகின்றன. டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்களின் (எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள்) மரபணுக்களின் வாயிலில் இந்தக் குறி இருந்தால் அடுத்த முறை அவை சட்டென்று திறக்கும். வளர்சிதை மாற்றத்தில் சேரும் ஃபியூமரேட், இந்தக் குறியை அழிக்கும் கேடிஎம்5 நொதியைத் தடுக்கிறது. இரண்டு மாற்றங்களும் சந்திக்கும் இடம் அதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். இரத்தத்தில் மோனோசைட் வாழ்வது சில நாள்தான். நினைவு எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது? விடை எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. இரத்தச் செல்களைப் பிறப்பிக்கும் குருத்தணுக்களே பயிற்சி பெறுகின்றன என்று 2018இல் வெளியான எலி ஆய்வுகள் காட்டின. அங்கிருந்து பிறக்கும் புதிய மோனோசைட்டுகள் பயிற்சியோடுதான் வெளியே வரும். நுரையீரல் காற்றறை மேக்ரோபேஜ் போன்ற திசுவாழ் செல்கள் தனியாகவும் பயிற்சி பெறலாம். ஊசியா, வாய்வழியா, மூக்குவழியா என்று முடிவெடுக்கும்போது இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

படி 1: இந்த நோய்க்கு இது பொருந்துமா என்று பாருங்கள்

பயிற்சி விளைவு வாரங்களில் தொடங்கி மாதங்களில் தேயும். மனிதரில் பிசிஜிக்குப் பிறகு மோனோசைட்டுகளில் மூன்று மாதத்தில் தெளிவாகத் தெரிந்தது, ஓராண்டு கழித்தும் ஓரளவு மிஞ்சியிருந்தது. அதனால் ஆபத்துக் காலம் குறுகியதாகவும் முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருக்கும் நோய்களே இதற்கு ஏற்றவை.

நல்ல எடுத்துக்காட்டு, கன்றுகளின் சுவாச நோய்த் தொகுதி. பால்மறத்தல், வண்டியில் ஏற்றிச் செல்லுதல், பல மந்தைக் கன்றுகளை ஒன்றாகக் கலத்தல் என்று ஆபத்து எப்போது வரும் என்று நாள் குறித்தே சொல்லிவிடலாம். ஆனால் கிருமி எது என்று சொல்ல முடியாது: மன்ஹைமியா, பாஸ்சுரெல்லா, ஹிஸ்டோஃபிலஸ், மைக்கோபிளாஸ்மா போவிஸ், சுவாச சின்சிஷியல் வைரஸ், வைரஸ் வயிற்றுப்போக்குக் கிருமி என எதுவும் வரலாம், சேர்ந்தும் வரலாம். இறைச்சிக் கோழியும் அப்படித்தான். அதன் ஆயுளே சில வாரங்கள் என்பதால் ஒரு மாத நினைவு போதும்.

எதிராக, பல ஆண்டு வாழும் கறவை மாட்டுக்கு ஒரே நோய்க்கு எதிராக நீண்ட பாதுகாப்பு வேண்டுமென்றால், அந்த நோய்க்கென்றே நல்ல தடுப்பூசியும் ஏற்கெனவே இருந்தால், அதை ஒழுங்காகப் போடுவதுதான் வழி. கோமாரியைப் பீட்டா குளுக்கான் கொண்டு தடுக்கக் கிளம்புவது வீண்வேலை.

இறாலும் பிற முதுகெலும்பற்ற உயிர்களும் தனிக் கதை. அவற்றுக்கு எதிர்ப்பொருளே கிடையாது, ஆகவே இயல்பெதிர்ப்பைத் தூண்டுவதைத் தவிர வேறு வழியும் கிடையாது. அவற்றின் இரத்தச் செல்களும் பொறிமுறையும் வேறு என்பதால் இந்த வழிகாட்டியில் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 2: பயிற்சிப் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

*பிசிஜி.* சான்று அதிகமுள்ள பொருள். இதன் மூலக் கிருமி மாட்டுக் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் போவிஸ்தான். கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 13 ஆண்டுகள் அதை மறுவளர்ப்பு செய்து வீரியம் இழக்க வைத்தார்கள். மாட்டிலிருந்து மனிதருக்குப் போன அந்தக் கிருமி இப்போது கன்றுகளில் ஆராயப்படுகிறது. நுண்துளியாக்கிச் சுவாசவழி கொடுத்த கன்றுகளின் இரத்த மோனோசைட்டுகளில் பயிற்சியின் அடையாளங்கள் தெரிந்தன. ஆனால் பிசிஜி போட்ட மாடு காசநோய்த் தோல் சோதனையில் நோயுள்ளது போலக் காட்டலாம். சோதனை செய்து, நோயுற்றதை அப்புறப்படுத்தி நோயை ஒழிக்கும் திட்டம் உள்ள நாடுகளில் இது பெரிய தடை. பிசிஜியில் இல்லாத ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களை வைத்து, ஊசி போட்ட மாட்டையும் நோயுற்ற மாட்டையும் பிரித்தறியும் சோதனைகள் உண்டு. உங்கள் நாட்டு ஒழுங்குமுறை அதை ஏற்கிறதா என்று பார்க்காமல் ஒரு கன்றுக்கும் பிசிஜி போடாதீர்கள்.

*செத்த மைக்கோபாக்டீரியம்.* வெப்பத்தால் கொன்ற மைக்கோபாக்டீரியம் போவிஸை வாய்வழி கொடுத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வுகளில் காட்டுப்பன்றிகளின் காசநோய்ப் பாதிப்பு குறைந்தது. உயிர்க்கிருமி இல்லாததால் பரவும் பயம் இல்லை.

*பீட்டா குளுக்கான்.* எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான், தடுமாறுவதும் இதில்தான். பீட்டா குளுக்கான் என்பது ஒரே பொருள் அல்ல. ஈஸ்ட் செல்சுவரிலிருந்து வருவது 1,3 முதுகெலும்பில் 1,6 கிளைகள் கொண்டது. ஓட்ஸ், பார்லியிலிருந்து வருவது 1,3ம் 1,4ம் கலந்த நீள்சங்கிலி. வடிவமும் முக்கியம். துகளாக இருந்தால் மேக்ரோபேஜின் டெக்டின்-1 ஏற்பிகள் ஒரே இடத்தில் குவிந்து சமிக்ஞை கிளம்பும். முழுக்கக் கரைந்த சிறு மூலக்கூறு அதே ஏற்பியில் ஒட்டினாலும் பெரும்பாலும் சும்மா இருக்கும். தீவனச் சேர்ப்பாக விற்கும் பையில் 'பீட்டா குளுக்கான்' என்று மட்டும் போட்டிருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். மூலம், கிளையமைப்பு, துகளளவு, தூய்மை, உள்நச்சு அளவு ஆகிய ஐந்தையும் உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

*சிபிஜி டிஎன்ஏ துண்டுகள்.* பாக்டீரியா டிஎன்ஏவைப் போன்ற செயற்கைத் துண்டுகள் இவை. பாலூட்டிகளில் இதைப் பிடிக்கும் ஏற்பி டிஎல்ஆர்9. கோழிக்கு டிஎல்ஆர்9 கிடையாது. அந்த வேலையை டிஎல்ஆர்21 செய்கிறது. அதனால் எலியில் வேலை செய்த வரிசையைக் கோழிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. முட்டைக்குள் சிபிஜி செலுத்திய குஞ்சுகள் ஈ. கோலை தொற்றைத் தாங்கியதாக ஆய்வுகள் உண்டு. அந்தப் பாதுகாப்பில் எவ்வளவு உடனடித் தூண்டல், எவ்வளவு நினைவு என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சந்தைக்கு ஏற்கெனவே வந்த சில பொருள்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். செம்மறியாடுகளின் ஓர்ஃப் நோய் வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த சைலெக்சிஸ் குதிரைகளுக்கும், டிஎன்ஏவும் கொழுப்புக் குமிழும் சேர்ந்த ஜெல்நேட் மாடுகளுக்கும் விற்பனைக்கு வந்தன. இந்த ஓர்ஃப் வைரஸ் யோசனையின் பின்னால் மியூனிக்கின் அன்டன் மயர் இருந்தார். பெரியம்மைத் தடுப்பூசிக்கான எம்விஏ வைரஸை உருவாக்கியவரும் அவரே. இவை பயனற்றவை என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றின் பலன் முதன்மையாக உடனடித் தூண்டல். தூண்டலை நினைவு என்று எண்ணிக்கொள்வதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம். அடுத்த படி முழுக்க அதைப் பிரித்தறிவதற்காகவே.

படி 3: ஆய்வுத்தட்டில் நிரூபியுங்கள்

விலங்கைத் தொடுமுன் செல்லில் பாருங்கள். அடிப்படை முறை எளிது: ஒருநாள் பயிற்சி, ஐந்தாறு நாள் ஓய்வு, ஒருநாள் மறுதூண்டல்.

கழுத்து நாளத்திலிருந்து உறையாத் திரவமிட்ட குழாயில் இரத்தம் எடுங்கள். அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், அடர்த்தி வேறுபாட்டு முறையில் வெள்ளணுக்களைப் பிரியுங்கள். மாட்டில், மோனோசைட்டின் மேலுள்ள சிடி14 புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளைக் கொண்டு மோனோசைட்டைத் தனியாக எடுக்கலாம். இதைத் தவிர்த்து மொத்த வெள்ளணுக் கலவையோடு வேலை செய்ய ஆசை வரும். இளங்கன்றின் இரத்தத்தில் காமா டெல்டா டி செல்கள் மிக அதிகம். அவையும் சைட்டோகைன் சுரக்கும். கலவையில் கிடைக்கும் உயர்வு மோனோசைட்டுடையதா அவற்றுடையதா என்று உங்களால் சொல்ல முடியாது.

கோழியில் சிரமம் வேறு. அதன் சிவப்பணுக்களுக்கும் உறைவணுக்களுக்கும் உட்கரு உண்டு. உறைவணுக்கள் வெள்ளணு அடுக்கிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் தட்டில் ஒட்டும் செல்களை வைத்துக்கொண்டு, ஒட்டாதவற்றை இளஞ்சூடான ஊடகத்தால் இரண்டு மூன்று முறை கழுவி நீக்குங்கள். நுண்ணோக்கியில் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

பயிற்சி நாளில் துகள் பீட்டா குளுக்கானை மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம்வரை வெவ்வேறு அளவில் வைத்துப் பாருங்கள். 24 மணி நேரம் கழித்து முழுவதும் கழுவுங்கள். பிறகு வெறும் ஊடகமும் சீரமும் மட்டும். ஐந்து அல்லது ஆறு நாள் ஓய்வு. கடைசியில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் எல்பிஎஸ் (பாக்டீரியாவின் உள்நச்சு) போன்ற மிதமான தூண்டல், 24 மணி நேரம். ஊடகத்தை எடுத்து டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-1 பீட்டா அளவிடுங்கள்.

எதை அளப்பது என்பதும் விலங்குக்கு விலங்கு மாறும். கோழி, மாடு ஆகியவற்றின் மேக்ரோபேஜ்கள் நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாக வெளியிடும், அதை நிறமாற்றச் சோதனையால் மலிவாக அளக்கலாம். பன்றியில் அது மிகக் குறைவு. அங்கே நைட்ரிக் ஆக்சைடு இல்லை என்பதால் பயிற்சி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கோழிக்கு டிஎன்எஃப் மரபணுவே கிடையாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது அடையாளம் காணப்பட்டது 2018இல்தான். பழைய கோழி ஆய்வுகளில் டிஎன்எஃப் இல்லாததற்குக் காரணம் அது.

எப்போதும் நான்கு குழிகள் வேண்டும்: (1) பயிற்சியும் இல்லை, மறுதூண்டலும் இல்லை; (2) பயிற்சி இல்லை, மறுதூண்டல் உண்டு; (3) பயிற்சி உண்டு, மறுதூண்டல் இல்லை; (4) இரண்டும் உண்டு. பெரும்பாலானோர் நான்காவது குழியில் அளவு உயர்ந்ததை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுவார்கள். உண்மையில் தீர்ப்பு சொல்வது மூன்றாவது குழி. பயிற்சி கொடுத்து ஓய்வு முடிந்த செல், மறுதூண்டல் இல்லாதபோது கட்டுப்பாட்டுச் செல்லைப் போல அமைதியாக இருக்க வேண்டும். அமைதியாக இருந்து, தூண்டியதும் கூடுதலாகப் பாய்ந்தால் அது நினைவு. அமைதியே அடையாமல் தொடர்ந்து சுரந்துகொண்டிருந்தால் பழைய தூண்டல் இன்னும் ஓயவில்லை, அவ்வளவே. தூண்டியும் கட்டுப்பாட்டைவிடக் குறைவாகச் சுரந்தால் நேர்மாறான நிலை: செல் சகிப்புக்குப் போய்விட்டது. எல்பிஎஸ்ஸை அதிக அளவில் முதலில் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. மலிவான பீட்டா குளுக்கானில் எல்பிஎஸ் கலந்திருக்கும். பயிற்சி என்று நினைத்துச் சகிப்பை உண்டாக்கிக்கொண்டிருப்பீர்கள். எல்பிஎஸ்ஸைக் கட்டிவைக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த ஒரு வரிசையை எப்போதும் வையுங்கள்.

இன்னொன்று: ஆறாம் நாளில் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு செல் இருக்காது. பீட்டா குளுக்கான் பட்ட செல்கள் தட்டில் நன்றாக ஒட்டி, அதிகமாகப் பிழைக்கும். டிஎன்எஃப் இரண்டு மடங்கு என்று தெரிவது, உயிரோடு இருக்கும் செல் இரண்டு மடங்கு என்பதாலும் இருக்கலாம். ஊடகத்தை எடுத்தபின் அதே குழியின் டிஎன்ஏ அல்லது புரத அளவைப் பார்த்து, சைட்டோகைனை அதனால் வகுங்கள். இதைச் செய்யாத முடிவுகளை நான் நம்புவதில்லை.

பொறிமுறைக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். ஊடகத்தில் லாக்டேட் அளவு உயர்ந்ததா என்று பாருங்கள். பயிற்சி நாளில் எம்டோரைத் தடுக்கும் ராபமைசின் சேர்த்தால் விளைவு மறைகிறதா, மெதில் ஏற்றத்தைத் தடுக்கும் மெதில்தயோஅடினோசின் சேர்த்தால் மறைகிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தொடரலாம். ஹிஸ்டோன் குறிகளை மரபணு முழுவதும் வரையும் ஆய்வு பிற்பாடு, பொருளும் அளவும் முடிவான பிறகு போதும்.

கோழி மோனோசைட்டிலும் கெண்டை மீனின் மேக்ரோபேஜிலும் பீட்டா குளுக்கான் பயிற்சி ஆய்வுத்தட்டில் காட்டப்பட்டிருக்கிறது. இந்த நினைவு பாலூட்டிகளுக்கு மட்டும் உரியதல்ல.

படி 4: உயிருள்ள விலங்குக்குப் போகும்போது அளவும் வழியும்

எலி ஆய்வுகளைப் படித்துவிட்டு நேராக மாட்டுக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டியது: எலிகளில் சிரைவழிப் பிசிஜி எலும்பு மஜ்ஜையை நன்றாகப் பயிற்றுவித்தது. மாடு, ஆடு, பன்றி, குதிரை ஆகியவற்றின் நுரையீரல் இரத்தக்குழாய்ச் சுவரில் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் மேக்ரோபேஜ்கள் உண்டு. எலியில் அப்படி இல்லை. இவற்றுக்குச் சிரைவழியாகத் துகள்களைச் செலுத்தினால் அந்த மேக்ரோபேஜ்கள் அள்ளி விழுங்கி, நுரையீரல் அழுத்தம் ஏறி, மூச்சு முட்டலாம். இந்த விலங்குகளில் சிரைவழியை மறந்துவிடுங்கள். தோலடி, மூக்குவழி, வாய்வழி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அளவிலும் இனவேறுபாடு பெரிது. குதிரை எல்பிஎஸ்ஸுக்கு மிகமிகக் கூசும். கோழியும் எலியும் நிறையத் தாங்கும். உடல் எடையை வைத்துப் பெருக்கி அளவை நிர்ணயிப்பது ஆபத்து. சிறிய அளவில் தொடங்கி, உடல் வெப்பம், தீவன உட்கொள்ளல், அழற்சியின்போது இரத்தத்தில் உயரும் கடும்நிலைப் புரதம் ஆகியவற்றைப் பார்த்து ஏற்றுங்கள். மாட்டிலும் பன்றியிலும் ஹாப்டோகுளோபின், கோழியில் ஆல்ஃபா-1 அமிலக் கிளைக்கோபுரதம் நல்ல அளவுகோல்கள்.

பயிற்சிக்கு முன்பு ஒவ்வொரு விலங்கிலிருந்தும் இரத்தம் எடுத்துவையுங்கள், அதுவே அதன் சொந்தக் கட்டுப்பாடு. பிறகு 2, 4, 8, 12 வாரங்களில் எடுத்து, படி 3இன் மறுதூண்டலை நேரடியாகச் செய்யுங்கள். நான்காம் வாரத்திலும் உயர்வு இருந்தால், பழைய மோனோசைட்டுகள் எல்லாம் இறந்து முடிந்திருக்கும் என்பதால், நினைவு மஜ்ஜைவரை போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரத்திலும் ஹாப்டோகுளோபின் இறங்கவில்லையென்றால் அளவு அதிகம்.

படி 5: தடுப்பூசியோடு எங்கே பொருத்துவது

மூன்று வழிகள் உண்டு.

தடுப்பூசிக்கு முன்பு கொடுப்பது முதல் வழி. மனிதரில் ஒரு சோதனை வழிகாட்டுகிறது: பிசிஜி போட்டு 14 நாள் கழித்து இன்ஃப்ளூயென்சா ஊசி போட்டபோது, அந்த ஊசியிலிருந்த எச்1என்1 வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் உயர்ந்தது. பயிற்சி பெற்ற மோனோசைட்டுகள் கூடுதல் சைட்டோகைனோடு கிருமிப்பொருளை டி செல்லுக்குக் காட்டுவதால் இப்படி நடக்கக்கூடும். செயலிழந்த தடுப்பூசிகளுக்கு இந்த வழியையே முதலில் முயலச் சொல்வேன். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடங்கலாம். உயிர்த் தடுப்பூசியானால் எச்சரிக்கை வேண்டும். ஊசியில் இருக்கும் வைரஸ் உடலில் கொஞ்சம் பெருகினால்தான் அது வேலை செய்யும். விழிப்போடு இருக்கும் இயல்பெதிர்ப்பு அதைப் பெருகவிடாமலே தீர்த்துவிட வாய்ப்புண்டு. தடுப்பூசி 'பிடித்ததா' என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.

இரண்டாவது, தடுப்பூசிக்குள்ளேயே அதன் எதிர்வினையைக் கூட்டும் துணைப்பொருளாகச் சேர்ப்பது. பண்ணையில் ஒரே ஊசியில் முடியும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். துணைப்பொருளும் நினைவைப் பதிக்கும் என்பதற்குச் சான்று உண்டு: ஏஎஸ்03 துணைப்பொருள் கொண்ட எச்5என்1 பறவைக் காய்ச்சல் ஊசி பெற்ற மனிதர்களின் மோனோசைட்டுகளில் குரோமாட்டின் மாற்றங்கள் தெரிந்தன. வியப்பு என்னவென்றால் அழற்சிச் சைட்டோகைன்கள் குறைந்தன, வைரஸை எதிர்க்கும் மரபணுக்கள் மட்டும் விழித்திருந்தன. நல்ல பயிற்சி என்றால் எல்லாமே உயர வேண்டும் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. வைரஸ் நோயே உங்கள் குறி என்றால் இந்த மாதிரியான விளைவுதான் வேண்டும்.

மூன்றாவது, தடுப்பூசி இல்லாமல் பயிற்சி மட்டும். பிறந்த சில நாள் குட்டிகளுக்கு இது பொருள்படும். மாடு, ஆடு, பன்றி, குதிரை ஆகியவற்றின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்பொருள் கடப்பதில்லை. சீம்பாலில்தான் எல்லாம் வருகிறது. அந்த எதிர்ப்பொருள் தேய்ந்து, தடுப்பூசி இன்னும் எடுபடாத இடைவெளியில் குட்டி திறந்த வெளியில் நிற்கிறது. கோழியில் இதற்குச் சமமான வாய்ப்பு, அடைகாப்பின் 18ஆம் நாளில் முட்டைக்குள் மாரெக் என்ற கோழி வைரஸ் நோய்க்கான தடுப்பூசி செலுத்தும் தருணம். கருவி ஏற்கெனவே அங்கே இருக்கிறது, ஓட்டையும் போடப்படுகிறது. ஆனால் சீம்பால் கொடுக்காத கன்றுக்குப் பயிற்சிப் பொருள் கொடுப்பதில் பயனில்லை. முதலில் சீம்பாலைச் சரிசெய்யுங்கள்.

இடப்பெயர்ச்சி போன்ற மனவழுத்த நாளில் எதையும் போடாதீர்கள். கார்ட்டிசால் ஏறிய விலங்கில் எதிர்வினை கணிக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

படி 6: மந்தைச் சோதனை

நான்கு குழுக்கள்: வெறும் திரவம் மட்டும், பயிற்சி மட்டும், தடுப்பூசி மட்டும், இரண்டும். இவற்றில் 'பயிற்சி மட்டும்' குழுவைச் செலவு மிச்சம் என்று வெட்டிவிடுபவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் தடுப்பூசி மேம்பட்டதா, பயிற்சியே தனியாகக் காத்ததா என்று பிரிக்க முடியாது.

எண்ணும் அலகு கொட்டில், விலங்கு அல்ல. ஒரே கொட்டிலில் உள்ள 20 கன்றுகள் ஒரே கிருமியை, ஒரே காற்றைப் பகிர்பவை. கொட்டில்களைச் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். நோய்க்குறி பார்ப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. உயிர்ப் பொருள் கொடுத்த விலங்கும் கட்டுப்பாட்டு விலங்கும் ஒரே தண்ணீர்த்தொட்டியில் குடிக்கக் கூடாது.

குறிப்பிட்ட நோயின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். எல்லாக் காரணத்தாலும் நேர்ந்த இறப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்த நாள்கள், எடைகூடல், தீவன மாற்றுத்திறன் ஆகிய நான்கையும் முன்கூட்டியே எழுதிப் பதிந்துவிட்டுத் தொடங்குங்கள். ஆய்வுத்தட்டு முடிவு மந்தையில் அப்படியே வராது என்பதற்கு மனித மருத்துவத்தில் பாடம் இருக்கிறது. கோவிட் காலத்தில் சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்த பெரிய பிரேஸ் சோதனையில், பிசிஜி அந்த நோயின் ஆபத்தைக் குறைக்கவில்லை. மோனோசைட் பயிற்சி பெறுவது ஒன்று, விலங்கு நோயிலிருந்து தப்பிப்பது இன்னொன்று.

படி 7: கெடுதியைத் தேடிப் பாருங்கள்

அழற்சிக்கும் உடல் ஆற்றலைச் செலவழிக்கிறது. எப்போதும் விறைப்பாக இருக்கும் எதிர்ப்பு, வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றலைத் தின்னும். எடைகூடல் குறைந்தால், நோய் குறைந்திருந்தாலும் பண்ணையாளர் அதை ஏற்கமாட்டார். அவர் சொல்வது சரிதான். எலிகளில், கொழுப்பு மிகுந்த உணவே மஜ்ஜைக்குத் தவறான பயிற்சி கொடுத்து அழற்சியை நீட்டித்தது. வேறொரு எலி ஆய்வில், பல்லீறு அழற்சியால் பயிற்சி பெற்ற மஜ்ஜை மூட்டழற்சியைக் கடுமையாக்கியது. மடிநோய், குளம்புத் தோல்வீக்கம் போன்றவை ஏற்கெனவே உள்ள மந்தையில் அவை மோசமாகின்றனவா என்று கூடுதலாகக் கவனியுங்கள்.

படி 8: உரிமத்துக்குப் போகும்முன்

'பொதுவாக எதிர்ப்பாற்றல் கூடும்' என்ற கோரிக்கையை வைத்து விண்ணப்பித்தால் எங்கும் நகராது. கால்நடைத் தடுப்பூசி உரிமங்கள் இன்ன இனம், இன்ன வயது, இன்ன நோய், எத்தனை நாளில் தொடங்கி எத்தனை நாள் என்ற வடிவில்தான் கேட்கும். ஒரு நோயை, ஒரு வயதை, ஒரு காலவரம்பைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் சான்று திரட்டுங்கள். மற்றவற்றைக் கூடுதல் தரவாக வையுங்கள்.

கடினமான பகுதி ஒவ்வொரு உற்பத்தித் தொகுப்பின் வீரியத்தையும் காட்டுவது. எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து இங்கே தரம் பிரிக்க முடியாது. படி 3இன் மோனோசைட் மறுதூண்டலே தொகுப்புச் சோதனையாக ஆக வேண்டும், அதற்கு உறைய வைத்த ஒரே செல் இருப்பும் ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பும் வேண்டும். உள்நச்சின் மேல்வரம்பு, துகளளவின் மேல் கீழ் வரம்பு இரண்டையும் அதனோடு எழுதுங்கள். செல் தந்த விலங்குகளின் வயது, தடுப்பூசி வரலாறு, முன்பு மைக்கோபாக்டீரியத்தைச் சந்தித்தனவா என்பதையும் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாட்டின் மோனோசைட்டை வைத்துச் சோதித்தால் எல்லாத் தொகுப்புமே தேறிவிட்டது போலத் தோன்றும்.